முதல் நாளே கை விரிக்கலாமா?

பக்கவாதம் கண்டு நினைவு தப்பியவரைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே, "பிழைப்பாரா?" என்று டாக்டரைக் கேட்கிறோம். கிடைத்த பதில் மறுநாள் காலை பிரட்டுக்களத்தில் பரவிவிடுகிறது. "இனி எதற்கு, வீட்டுக்கே கொண்டுவந்து விடலாம்" என்ற பேச்சும் கிளம்புகிறது. இந்த அவசரம் தகாது என்பதே நமது கருத்து.

நினைவின் அளவை ஆஸ்பத்திரிகளில் எப்படிக் கணிக்கிறார்கள்? 1974ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு டாக்டர்கள் வகுத்த முறைதான் இன்றும் வழக்கில் இருக்கிறது. கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6. ஆக 15 புள்ளிகள். ஒன்றுமே இல்லாதவருக்கும் 3 உண்டு. (பால் நிறுக்கும் இடத்தில் வெறும் வாளிக்கு நாம் இப்படி எடை போடுவதில்லை!)

பேச்சில்தான் நம் மக்களுக்கு இடி விழுகிறது. மூளையின் இடப்பக்கம் தாக்கப்பட்டால், விழிப்பிருந்தும் பலருக்குச் சொல் வராது. சொல் வருகிறவரிடமும் கேள்வி தமிழில் வரவேண்டுமே! ஆயுள் முழுதும் தமிழே பேசிய பாட்டியிடம் வேற்று மொழியில் "இது என்ன மாதம்?" என்றால் என்ன சொல்வாள்? "கையைத் தூக்கு" என்றால் எப்படித் தூக்குவாள்? அது மயக்கமா, மொழி புரியாமையா?

மயக்கத்துக்குக் காரணமும் ஒன்றல்ல. தலைக்குள் நீர் தேங்குதல், வெளியே தெரியாத வலிப்பு, காய்ச்சல், சர்க்கரைக் குறைவு, தூக்க மருந்து ஆகியவை கவனித்தால் மாறக்கூடியவை.

மூளையில் இரத்தம் கசிந்தவர்களைப் பற்றி 2001இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. நோயின் கடுமையை விட, வைத்தியத்தைக் குறைத்துக்கொண்ட முடிவே மரணத்தோடு அதிகம் சேர்ந்து நின்றது. பிழைக்கமாட்டார் என்றார்கள், வைத்தியத்தை விட்டார்கள், சொன்னது பலித்தது! இத்தகையோர் விஷயத்தில் கைவிடும் முடிவை இரண்டாம் நாள் முழுதும் கழியும் வரையாவது தள்ளிவைக்கும்படி 2022ஆம் ஆண்டின் அமெரிக்க வைத்திய நெறி சொல்கிறது. 2024இல் வந்த வேறோர் ஆய்வில், பலவகை மூளைக் காயமுற்று, சொன்னதற்கு அசையாமல் கிடந்த 241 பேரில் 60 பேரின் மூளை கட்டளையை ஏற்று வேலை செய்தது கருவியில் தெரிந்தது.

எல்லோரும் எழுந்து நடப்பார்கள் என்று நாம் சொல்லவில்லை. பெரிய கசிவு, மூளைத் தண்டில் அடி, முதிர்ந்த வயது இவையெல்லாம் பாதகமே. டாக்டர் அதை மறைக்காமல் சொல்வதுதான் நியாயம்.

கிளைக் காரியதரிசிகளுக்கு ஒரு வேண்டுகோள். நோயாளியோடு தமிழும் மலாயும் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள். நோயாளி முன்பு எப்படி நடமாடினார், எந்த மொழி பேசினார் என்பதை அவர் டாக்டரிடம் சொல்லட்டும். சில நாள் கழித்து மறுபடி சோதிக்கும்படி கேட்கட்டும். அவருக்கு அந்த நாட்களின் சம்பளத்தைத் தரும்படி நிர்வாகத்திடம் எழுத்திலேயே கேளுங்கள்.