பொழுதுபோக்கும் பொய்யுரையும்

‘என் பொழுதுபோக்கு’ என்பது நம் பள்ளிகளில் வழிவழியாக வழங்கிவரும் கட்டுரைத் தலைப்பு. தொடக்கப்பள்ளி மாணவனும் அதனை எழுதுகிறான். உயர்நிலைப்பள்ளி மாணவனும் அதனையே எழுதுகிறான். எழுதப்பெறும் கட்டுரைகளைத் தொகுத்து நோக்கினால், சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுவர் அனைவரும் அஞ்சல்தலை சேர்ப்போர் என்றும், தோட்டம் வளர்ப்போர் என்றும், நாள்தோறும் நூலகத்தை நாடுவோர் என்றும் கருதத் தோன்றும். பன்னிரண்டாம் மாடியில் வாழும் சிறுவன் தன் ரோசாத் தோட்டத்திற்கு மாலைதோறும் நீர் பாய்ச்சுகிறான். கடிதமே எழுதியறியாத சிறுமி, நாடுவாரியாக அஞ்சல்தலைகளை அடுக்கி வைக்கிறாள். இறுதிப் பத்தியில் இருவரும் ஒரே பழமொழியைச் சொல்லி முடிக்கின்றனர். மொழி பிழையற்றதாக இருக்கிறது; மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. ஆயினும் அக்கட்டுரையில் ஒரு சொல்லேனும் மெய் இல்லை.

அதே சிறுவன் இடைவேளை மணி அடித்ததும் என்ன பேசுகிறான்? லிவர்பூல் அணியின் தற்காப்பு ஏன் தளர்ந்தது, ஆர்சனல் அணி யாரை விற்றிருக்கக் கூடாது, மான்செஸ்டர் யுனைட்டெட் எப்போது மீளும் என்று தோழர்களோடு வழக்காடுகிறான். கண் ஒளிர்கிறது, சான்றுகள் நாவில் வந்து குவிகின்றன. ஆனால் அவ்வழக்கு முழுவதும் ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. மெய் ஆங்கிலத்திற்கும் பொய் தமிழுக்கும் என்று பங்கிட்டுக் கொடுத்துவிட்டோம். இதனினும் பெரிய தீங்கு ஒரு மொழிக்கு வேறு யாது?

பண்பட்டவை என்று முத்திரை பெற்ற சில பொழுதுபோக்குகள் மட்டுமே தமிழ்க் கட்டுரைக்கு ஏற்றவை என்னும் கொள்கை நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. அக்கொள்கையை மறுப்பதே என் நோக்கம். அதனால் தள்ளிவைக்கப்பட்டவற்றுள் இரண்டை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று முதியோருடையது: சுருட்டு. மற்றொன்று இளையோருடையது: தமக்குப் பிடித்த விளையாட்டணியைப் பின்தொடரும் பற்று.

சுருட்டு என்றதும் முகம் சுளிப்போர்க்கு முதலில் ஒன்று கூறிவிடுகிறேன். புகைத்தல் தீது. சுருட்டின் புகையை உள்ளிழுக்காவிடினும் வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் வரும். சிங்கப்பூர் 1970ஆம் ஆண்டிலேயே பேருந்திலும் திரையரங்கிலும் புகைப்பதைத் தடுத்தது. அடுத்த ஆண்டில் புகையிலை விளம்பரத்தை ஒழித்தது. 2017 முதல் கடைகளில் புகையிலைப் பொருள்களைக் கண்ணில் படும்படி வைத்தல் கூடாது. 2021 முதல் இருபத்தொரு வயது நிரம்பாதவர் அவற்றை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். இச்சட்டங்கள் அனைத்தும் நல்லவை. இவற்றுள் ஒன்றையும் தளர்த்துமாறு நான் கேட்கவில்லை.

நான் கேட்பது வேறு. ஒரு பொருளைக் கடையில் மறைத்து வைக்கலாம்; ஒரு மக்களின் வரலாற்றிலிருந்து அதனை மறைக்கலாமா? ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்று வழங்கும் சொல் நம் ‘சுருட்டு’ என்னும் தமிழ்ச்சொல்லே என்பதை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்? திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் புகழ் ஒருகாலத்தில் கடல் கடந்து பரவியிருந்தது. 1887இல் வெளிவந்த செர்லாக் ஓம்சின் முதற்கதையிலேயே, சிந்திக்கிடந்த சாம்பலைக் கண்டு அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் என்று அத்துப்பறிவாளர் தெளிகிறார். இலண்டன் துப்பறிவாளர் அறிந்திருந்த உறையூர்த் தொழிலாளியின் கைத்திறத்தைத் தேக்காவில் பிறந்த தமிழ்ப்பிள்ளை அறியான். யாழ்ப்பாணத்துப் புகையிலையும் சுருட்டும் எத்தனை குடும்பங்களைக் கல்வியிலும் தொழிலிலும் உயர்த்தின என்பதும் அவனுக்குத் தெரியாது.

புலவர் மரபாவது சுருட்டை வெறுத்ததா? அதுவும் இல்லை. சீனிச்சர்க்கரைப் புலவர் புகையிலையையே தூது பொருளாக்கிப் ‘புகையிலை விடு தூது’ பாடினார். பழனி முருகனிடம் தூது சென்றது புகையிலை. அச்சிற்றிலக்கியத்தைத் தேடிப் பதிப்பித்தவர் யார்? சங்க நூல்களையும் காப்பியங்களையும் நமக்கு மீட்டுத் தந்த உ.வே.சாமிநாதையரே. புறநானூற்றைப் பதிப்பித்த கைக்குப் புகையிலை விடு தூது இழிவாகத் தோன்றவில்லை. நமக்கு மட்டும் ஏன் அத்துணைத் தூய்மை?

புகையிலைத் தொழிலுக்கும் வாசிப்புக்கும் உள்ள உறவு இன்னும் வியப்பானது. கியூபா நாட்டின் அவானா நகரில் 1865 முதல், சுருட்டுத் தொழிலாளர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஒருவர் உயர்ந்த மேடையில் அமர்ந்து நாளிதழையும் புதினத்தையும் உரக்கப் படிக்கும் வழக்கம் எழுந்தது. அலெக்சாந்தர் தூமாவின் புதினம் ஒன்றின் பெயரே ‘மான்டெகிறிஸ்டோ’ என்று ஒரு சுருட்டு வகைக்குச் சூட்டப்பட்டது. கேரளத்துக் கண்ணூரில் பீடி சுற்றும் தொழிலாளரும் அவ்வாறே செய்தித்தாள் கேட்டு அரசியல் அறிவு பெற்றனர். எழுத்தறியாத கைகள் இலை சுருட்ட, காதுகள் இலக்கியம் கேட்டன. இதனை ஒரு தமிழாசிரியர் வகுப்பில் கூறினால் ஒழுக்கம் கெடுமா, அன்றி வாசிப்பில் ஆர்வம் பிறக்குமா?

இங்கே இன்னொரு போலித்தனத்தையும் சுட்ட வேண்டும். சிராங்கூன் சாலையின் ஒட்டுக்கடையில் வாங்கிய சுருட்டை ஐந்தடி நடைபாதையில் அமர்ந்து பற்றவைத்த கூலித்தொழிலாளியை நாகரிகமற்றவர் என்போர், நகர நடுவில் குளிரூட்டிய அறையில் விலைமிகுந்த ‘சிகார்’ புகைப்பவரைச் சுவைஞர் என்று போற்றுவர். இலை ஒன்று, நஞ்சு ஒன்று, நோயும் ஒன்று. பெயரும் விலையும் மாறியதும் இழிவு மேன்மையாகிவிடுமோ? தள்ளுவதாயின் இரண்டையும் தள்ளுக. தமிழ்ப்பெயர் தாங்கியதை மட்டும் தள்ளுதல் நலவாழ்வுக் கொள்கை அன்று, அடிமைப் புத்தி.

தாத்தா சுருட்டுப் புகைத்ததை ஒரு மாணவன் எழுதட்டும். நெருப்புக்குச்சி உரசும் ஓசையையும், வேட்டி மடிப்பில் ஒட்டிய மணத்தையும், அவ்வேளையில் மட்டும் அவர் சொன்ன கப்பல் கதைகளையும் எழுதட்டும். பின்னர் அவர் இருமியதையும், மருத்துவமனைப் படுக்கையையும் எழுதட்டும். சுவரொட்டியில் கண்ட அறிவுரையை மனப்பாடம் செய்து ஒப்புவிக்கும் நூறு கட்டுரைகள் செய்யாத வேலையை அந்த ஒரு கட்டுரை செய்யும்.

இனி விளையாட்டுக்கு வருவோம். ‘விளையாடுவது நன்று, பிறர் விளையாடுவதைப் பார்த்துக் கூச்சலிடுவதில் என்ன பயன்?’ என்று கேட்பர். பார்ப்போரின் பரபரப்பு நம் இலக்கியத்திற்குப் புதியதன்று. ஆமூர் மல்லனோடு போரவைக்கோப் பெருநற்கிள்ளி பொருத மற்போரைச் சாத்தந்தையார் புறநானூற்றின் 80ஆம் பாட்டில் காட்டுகிறார். அவனை விரும்பிய நக்கண்ணையார் 85ஆம் பாட்டில் நமக்குக் காட்டுவது பார்வையாளரை. வெற்றி அவனுக்கே என்பார் ஒருசாரார். அன்று என்பார் மற்றொரு சாரார். அவரோ சிலம்பு ஒலிக்க ஓடி, தம் வீட்டுப் பனையருகே நின்று அவன் வென்றதைக் காண்கிறார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பனைமரத்தடியில் நின்ற அப்பற்றுக்கும் இன்று தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்கும் பற்றுக்கும் அடிப்படையில் வேறுபாடு என்ன?

சிங்கப்பூர்த் தமிழர்க்கு இப்பற்று அயலானதும் அன்று. லிட்டில் இந்தியாவின் ஓரத்தில் உள்ள ரேஸ் கோர்ஸ் சாலையின் பெயர் எங்கிருந்து வந்தது? 1933இல் குதிரைப் பந்தயத் திடல் புக்கித் தீமாவுக்கு இடம் பெயர்ந்தது; அதன்பின் ஃபேரர் பார்க் ஊர்ப்பிள்ளைகளின் காற்பந்துத் திடலாயிற்று. சற்றுத் தொலைவில் 1929இல் எழுந்த ஜாலான் புசார் விளையாட்டரங்கம். 1921இல் தொடங்கி, பின்னாளில் மலேசியக் கிண்ணம் என்று பெயர் பெற்ற போட்டியின் முதல் ஆண்டிலேயே வென்றது சிங்கப்பூர். 1970களில் சங்கத் தலைவராயிருந்த என்.கணேசன் ஆட்டங்களை ஜாலான் புசாரிலிருந்து காலாங்கின் பெரிய அரங்கிற்கு மாற்றத் துணிந்தார்; அரங்கம் நிறையாது என்று அஞ்சியோர் நாணும்படி 55,000 இருக்கைகளும் நிறைந்தன. ‘காலாங் முழக்கம்’ பிறந்தது. 1977இல் சூ செங் குவீயின் பயிற்சியில், சமது அல்லாபிச்சையின் தலைமையில், கூடுதல் நேரத்தில் பினாங்கை 3–2 என வென்று கிண்ணம் கொண்டுவந்தனர். இராஜகோபாலின் வளைந்தோடும் உதையையும், பின்வந்த சுந்தரமூர்த்தியின் கால்வண்ணத்தையும் தமிழர் மட்டுமா போற்றினர்? சீனரும் மலாய்க்காரரும் ஒரே குரலில் அப்பெயர்களை முழங்கினர். நல்லிணக்கம் பற்றி நாம் எழுதச் சொல்லும் கட்டுரைகளில் இதனினும் சிறந்த சான்று எங்கே இருக்கிறது? 1994இல் பகாங்கை 4–0 என வென்றபின் சிங்கப்பூர் அப்போட்டியிலிருந்து விலகியது. பழைய அரங்கமும் 2007இல் மூடப்பட்டது. அதனைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய நினைவுகளைத் தமிழில் எழுதிவைக்க யார் வருவார்?

‘இன்றைய பிள்ளைகள் பற்றுவைப்பது இங்கிலாந்து அணிகளின்மீதன்றோ? அது மோகமன்றோ?’ என்று சிலர் வினவுவர். வினாவில் ஓரளவு நியாயம் உண்டு. தன் நாட்டு அணியின் தலைவர் பெயர் தெரியாமல் இங்கிலாந்து அணியின் மாற்று ஆட்டக்காரர் பெயரைச் சொல்லும் மாணவனைத் தன் ஊர்த் திடலுக்கும் அழைத்துச் செல்ல வேண்டியதே. ஆனால் அவனை அழைக்கும் வழி, அவன் நேசிப்பதை இகழ்வதன்று. பந்தயப் பணம் கட்டுவதாக இப்பற்று திரியும்போது கண்டிக்க வேண்டும். அதுவோ பொழுதுபோக்கு அன்று, சூது. நேரிய பற்றோ தோல்வியைத் தாங்கக் கற்பிக்கிறது. வெல்லும்போது மட்டும் அணியை நேசிப்பவனைத் தோழர்களே எள்ளுவர். பல்லாண்டு தோற்கும் அணியை விடாது பின்தொடரும் சிறுவன் உறுதி என்னும் பண்பைப் பாடநூலின் உதவியின்றியே கற்றுக்கொள்கிறான்.

‘இவற்றை எழுதத் தமிழில் சொல் இல்லை’ என்பது மூன்றாவது தடை. காற்பந்து, தற்காப்பு, தாக்குதல், நடுவர், கோல்காப்பாளர், கூடுதல் நேரம் ஆகியவை 1935இல் தோன்றிய தமிழ் முரசின் வாசகர்க்குப் பழகிய சொற்கள் அல்லவா? சொல் இருக்கிறது, அதனை வகுப்பறைக்குள் வரவேற்கும் மனமே இல்லை. வரவேற்பின்றி வாசலில் நிற்கும் சொல் நாளடைவில் வீடு திரும்பிவிடும்.

இது வெறும் கட்டுரைத் தலைப்பைப் பற்றிய வழக்கு என்று எண்ணற்க. ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளருள் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. இவ்வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. பெற்றோரைக் குறை கூறுவோம். தொலைக்காட்சியைக் குறை கூறுவோம். ஆங்கிலத்தைக் குறை கூறுவோம். பிள்ளை தான் விரும்புவதைச் சொல்லத் தமிழில் இடம் பெற்றிருக்கிறதா என்று மட்டும் கேட்க மறந்துவிடுவோம். நேசிப்பவற்றைச் சொல்ல ஒரு மொழி, தேர்வில் நல்லவனாக நடிக்க ஒரு மொழி என்று இருக்குமாயின், தேர்வு முடிந்த மறுநாள் இரண்டாம் மொழி கைவிடப்படும். ஏப்ரல் தோறும் தமிழ்மொழி மாதம் கொண்டாடுகிறோம், மேடைகள் நிறைகின்றன, மாலைகள் குவிகின்றன. இடைவேளைப் பேச்சில் தமிழ் இல்லையேல் இவ்வளவும் எதற்கு?

ஆசிரியப் பெருமக்களே! பயிற்சிக் கல்லூரியில் நமக்குக் கற்பித்த முதற்பாடம், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. அப்பாடத்தைப் பொழுதுபோக்குக் கட்டுரையில் ஏன் கைவிட வேண்டும்? மாதிரிக் கட்டுரைத் தொகுப்புகளை அலமாரியில் பூட்டுங்கள். வார இறுதியில் பார்த்த ஆட்டத்தை, தோற்ற அணியின் பக்கம் நின்று, தமிழில் எழுதிவரச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள முதியவரிடம், அவர் இளமையில் எதில் மகிழ்ந்தார் என்று கேட்டுவரச் சொல்லுங்கள்; விடை சுருட்டாயினும், சீட்டாட்டமாயினும், சேவற்சண்டையாயினும் அஞ்சாதீர்கள். தீயதைத் தீயது என்று மாணவனே கண்டு எழுதுவான். பிழை இருந்தால் திருத்துங்கள். மெய் இருந்தால் அதற்கும் மதிப்பெண் இடுங்கள்.

மாணவர்களே! உங்களிடம் ஒன்றே கேட்கிறேன். வளர்க்காத ரோசாவுக்கு இனி நீர் பாய்ச்ச வேண்டா. நீங்கள் உண்மையாக நேசிப்பது எதுவோ அதனைத் தமிழிடம் சொல்லுங்கள். புகையிலையையும் மற்போரையும் பாடிய மொழி இது. உங்கள் லிவர்பூலைக் கண்டு அது மருளாது.