உப்புக் குறைந்தாலும் ஆபத்தே

முதியோருக்கு உப்பைக் குறைக்கச் சொல்லும் வைத்தியர், குறைமாதச் சிசுவுக்கு உப்புத் துளிகளை எழுதித் தருகிறார். நம் வீட்டு முதியவர்களுக்கு இது திகைப்பையே தருகிறது. திகைப்பது இயல்பு, கொடுக்கவிடாது தடுப்பது தவறு.

37 வாரங்களுக்கு முன் பிறப்பது குறைமாதச் சிசு. மிக முந்திப் பிறந்த சிசுவின் முதிராத சிறுநீரகம், உடலுக்கு வேண்டிய சோடியத்தைச் சிறுநீருடன் இழந்துவிடுகிறது. இரத்தத்தில் அது லீற்றருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழிறங்கினால் குறைபாடாகும். நீடித்தால் எடை ஏறாது. மிகக் குறைந்தால் மூளை வீங்கி வலிப்பும் வரலாம். தாய்ப்பாலே சிறந்த உணவு. ஆயினும் அதிலுள்ள உப்பு இச்சிசுக்களுக்குப் போதாமற் போவதுண்டு. அது தாயின் குற்றமன்று.

ஊர் வழக்கப்படி கொதித்தாறிய நீரையோ சீனித் தண்ணீரையோ பருக்கினால் இரத்தத்திலுள்ள சோடியம் மேலும் ஐதாகும். முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டாம் என்பதே உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுரை. வைத்தியர் தரும் மருந்துகள் மட்டுமே விலக்கு. சமையலறை உப்பைக் கரைத்துக் கொடுப்பதோ பேராபத்து.

மவுண்ட் சைனாய், சன்னிபுறூக் போன்ற ரொறன்ரோ வைத்தியசாலைகளில் சிசுவை ஒப்படைத்திருக்கும் பெற்றோரே, விளங்காமல் தலையசைத்து வீடு திரும்பாதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அளவையும் வேளையையும் எழுதி வாங்குங்கள். கேட்பது வெட்கமன்று, கேளாதிருப்பதன் விலையைச் சிசுவே செலுத்த நேரும்.