குதிகாலும் கடல் மணலும்

மரத்திலிருந்தோ மாடியிலிருந்தோ விழுகிறவனுடைய பாரத்தை முதலில் ஏற்பது குதிகால் எலும்பு. அது நொறுங்கி, ஆறிய பின்னும் வலி தீராவிடில், மேலுள்ள எலும்போடு திருகாணியிட்டு ஒன்றாக்கி விடுகிறார்கள் ரண வைத்தியர்கள். அவ்விதச் சிகிச்சை பெற்ற செங்கற்பட்டு நண்பர் ஒருவர், "ஸார், இனிப் பூப்பந்து ஏது?" என்று பெருமூச்செறிந்தார்.

அவ்வளவு விசாரம் வேண்டியதில்லை. பாதத்தை மேலும் கீழும் அசைப்பது கணுக்கால் மூட்டு. அது பெரும்பாலும் க்ஷேமமாகவே இருக்கிறது. இழந்தது, பாதம் பக்கவாட்டில் சாயும் சக்தி. ஆகவே, தரையைப் பார்த்து ஆட்டத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மாமல்லபுரத்தின் சரிந்த மணலில் ஓடுவது இந்தக் காலுக்குச் சத்துரு. சமமான சாலையில் நடையும், சைக்கிளும், நீச்சலும் மித்திரர்கள். சட்சட்டென்று திரும்பியாடும் பூப்பந்தைக் கடைசியாகப் பரீக்ஷிக்கலாம்.

எலும்புகள் கூடச் சுமார் மூன்று மாதமாகும்; புகை பிடிப்பவர்களுக்கு இன்னும் தாமதமாகும். படமெடுத்துப் பார்த்து வைத்தியர் உத்தரவு கொடுக்கும் வரை பொறுமை வேண்டும்.

அதுவரை என்ன செய்வது என்கிறீர்களா? 2022-ல் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்ததும் அதே மாமல்லபுரத்தில்தான். அந்த ஆட்டத்துக்குக் குதிகால் தேவையில்லை!