மணி பேசுமோ?

கடற்கரைக்குச் சென்று வெறுங்கையோடு மீள்பவர் அரியர். சிறுவர் சிப்பி பொறுக்குவர். பெண்டிர் பாசிமணிக்கும் சோழிமாலைக்கும் விலை பேசுவர். முதியோருங்கூடப் பிறர் காணாவண்ணம் ஒரு கூழாங்கல்லை எடுத்து மடியிற் செருகிக்கொள்வர். கடலை வீட்டிற்குக் கொண்டுவருதல் இயலாது. ஆதலின் அதன் அடையாளமாக யாதேனும் ஒன்றைக் கொண்டுவர மனித உள்ளம் விழைகின்றது. அவ்விழைவு இக்காலத்தில் ஒரு புதிய உருவம் கொண்டிருக்கின்றது. 'சார்ம் பிரேஸ்லெட்' என வழங்கும் கைச்சங்கிலியில், சென்ற இடந்தோறும் ஒரு மணியைத் தேடிக் கோத்து அணியும் வழக்கம் நம் மாணவியரிடையேயும் பரவி வருகின்றது. சங்கு, சிப்பி, கடற்குதிரை, நட்சத்திரமீன், நங்கூரம், கலங்கரைவிளக்கம் என்னும் இவற்றின் வடிவாய மணிகளை அவர்தம் கைகளில் நாள்தோறும் காண்கின்றோம். இவ்வழக்கத்தைப்பற்றி எமக்குத் தோன்றும் சிலவற்றை ஈண்டுக் கூற விரும்புகின்றோம்.

இஃது வீண் ஆடம்பரம் என்று ஒதுக்குவாரும் உளர். யாம் அவரோடு உடன்படுவதற்கில்லை. ஒரு சிறு பொருளைக் கோத்து உடம்பில் அணிந்து, அதனோடு ஓர் எண்ணத்தையும் சேர்த்து அணிவது மிகப் பழைய வழக்கமாகும். திருமாலின் சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு ஆகிய ஐந்து படைகளையும் சிறு வடிவாகச் செய்து, குழந்தையின் கழுத்தில் ஐம்படைத்தாலி என அணிவித்தனர் நம் முன்னோர். அதன் விலையைக் கருதி அணிவித்தாரல்லர். குழந்தைக்குத் தீங்கு வாராதிருக்கவேண்டும் என்ற தாயின் அச்சமும் அன்பும் அதிற் கோக்கப்பட்டிருந்தன. மேல்நாட்டிலும் இத்தகைய செய்தி உண்டு. இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணியார்க்கு 1840-ஆம் ஆண்டில் முதற் குழந்தை பிறந்தது. அதுமுதல் மக்கள் ஒன்பதின்மர்க்கும் ஒவ்வொன்றாக, வண்ணப்பூச்சிட்ட இதயவடிவச் சிமிழ் ஒன்பது அவர்தம் கைச்சங்கிலியிற் சேர்ந்தன. ஒவ்வொரு சிமிழினுள்ளும் ஒவ்வொரு குழந்தையின் தலைமயிர் வைக்கப்பெற்றிருந்தது. உலகின் பெரும்பகுதியை ஆண்ட அரசியார்க்கும், ஊர்ப்புறத்துத் தமிழ்த்தாய்க்கும் இவ்வகையில் வேற்றுமை யாதும் இல்லை.

இற்றை நாளில் இவ்வழக்கம் பெரியதொரு வாணிகமாகிவிட்டது. கோபன்ஹேகன் நகரில் 1982-இல் தோன்றிய பண்டோரா என்னும் நகை நிறுவனத்தார் 2000-ஆம் ஆண்டில், மணிகளைத் தனித்தனியே வாங்கிக் கோத்துக்கொள்ளத்தக்க கைச்சங்கிலியை வெளியிட்டனர். அதன் பின்னர் இவ்வழக்கம் உலகெங்கும் பரவிற்று. 1620 முதல் 1845 வரை நம் தரங்கம்பாடியைத் தம் கைக்கொண்டிருந்த டேனியரின் நாட்டிலிருந்தே இது வந்தது என்பது நினைக்கத்தக்கது. அந்நிறுவனத்தாரின் மணிகள் தாய்லாந்து நாட்டுத் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கில் செய்யப்படுகின்றன. ஒரே அச்சிற் செய்த ஒரே நட்சத்திரமீன், லண்டன் மாநகரத்துப் பெண்ணின் கையிலும் திருநெல்வேலிப் பெண்ணின் கையிலும் விளங்குகின்றது.

இதனைக் கண்டு, "கரையிற் குனிந்து பொறுக்கிய சிப்பியே உண்மையான நினைவுச்சின்னம், கடையில் வாங்கிய மணி வெறும் சரக்கு" என்று கூறுவர் சிலர். யாமும் முன்னர் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியது எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியாகும்.

எம் அன்னையார் கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள ஒரு சிற்றூரில் ஆசிரியையாக இருந்தவர். ஏரியும் கிணறுமன்றி வேறு நீர்ப்பரப்பு அறியாத ஊர் அது. வாழ்நாளிற் சிலமுறையே கடலைக் கண்ட அவர், கண்டபொழுதெல்லாம் ஒரு மணியைக் கொணர்ந்து ஒரு கயிற்றிற் கோத்து வைத்திருந்தார். பண்டிகை நாட்களில் மட்டும் அதனைக் கையில் அணிவார். ஒரு சோழி, சங்கறுத்த வளையின் ஒரு துண்டு, துளையிட்ட கழற்சிவிதை ஒன்று, வெண்பவழத் துண்டு ஒன்று, சிறிய வெள்ளிமீன் ஒன்று, ஒரு கருங்கூழாங்கல், நீலக் கண்ணாடியாலாய பாசிமணி ஒன்று ஆக ஏழு. இளமையில் ஒருநாள் யாம் அக்கயிற்றை இழுத்து விளையாட, அந்நீலமணி தெறித்து ஓடிவிட்டது. என்றும் எம்மை அடித்தறியாத அன்னையார் அன்று அடித்தார். காசுக்குப் பத்தாக விற்கும் கண்ணாடி மணிக்காகவா இத்துணைச் சினம் என்று அதனை மறவாது பல்லாண்டுகள் நெஞ்சில் வைத்திருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அன்னையார் மறைந்தார். காரியங்கள் முடிந்தபின் தகரப்பெட்டியைத் திறந்து அக்கயிற்றை எடுத்தோம். வீட்டிலுள்ளார் அனைவரும் சூழ்ந்திருந்தனர். வெள்ளிமீனும் வளைத்துண்டும் மணமான ஆண்டில் தூத்துக்குடியில் வாங்கியவை என்றார் எம் தந்தையார். கழற்சிவிதை திருச்செந்தூர்க் கடற்கரையில் எடுத்தது. அங்கிருந்தே தமக்குக் கழங்காடக் கற்பித்தார் என்றார் எம் தமக்கையார். வெண்பவழம் 1963-இல் தனுஷ்கோடியில் எடுத்தது என்றார் பெரியம்மையார். அடுத்த ஆண்டு டிசம்பரில் வந்த பெரும்புயலில், இரயில் நிலையமும் கோயிலும் வீடுகளுமாக அவ்வூரே அழிந்தொழிந்தது. "நாங்கள் அமர்ந்து சோறுண்ட திண்ணை இன்றைக்கு இல்லை, இந்தத் துண்டுதான் இருக்கிறது" என்று அவர் அதனைத் தடவிப் பார்த்தார்.

பின்னர் நீலமணியைத் தொட்ட பெரியம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. "உங்களுக்கெல்லாம் மூத்தவன் ஒருவன் இருந்தான். ஆறு மாதத்தில் அவனை வேளாங்கண்ணிக்குத் தூக்கிப் போனோம். அங்கே கடலோரத்தில் வாங்கி அவன் கையிற் கட்டிய மணி இது. அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டான்" என்றார். எம் தந்தையார் தலைகவிழ்ந்திருந்தார். எமக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான் என்பதை யாம் அறிந்தது அன்றுதான். அன்று வாங்கிய அடியின் பொருளும் அன்றுதான் விளங்கிற்று.

எஞ்சிய சோழியையும் கருங்கூழாங்கல்லையும் பற்றி அறிந்தார் ஒருவரும் இலர். அவை எக்கடலைச் சேர்ந்தவை, எந்நாளைச் சேர்ந்தவை, யாரைக் குறிப்பவை என்பதை இனி அறியுமாறு இல்லை. கேட்டிருந்தால் அன்னையார் கூறியிருப்பார். நாற்பது ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் யாம் கேட்டோமல்லோம்.

இதனால் யாம் தெளிந்தது யாதெனின், மணியிற் பொறுக்கிய மணி, வாங்கிய மணி என்ற வேற்றுமை பெரிதன்று. சொல்லப்பட்ட மணி, சொல்லப்படாத மணி என்ற வேற்றுமையே பெரிது. அவ்வேழனுள் மிக மலிவானது தெருவில் வாங்கிய கண்ணாடிமணி. மிகக் கனமான நினைவைத் தாங்கியதும் அதுவே. மணி நினைவைத் தன்னுட் கொண்டிருக்கின்றது என்று நாம் கூறுவது உபசார வழக்கே. நினைவு இருப்பது மனிதர் நெஞ்சில். மணி அதனைத் தட்டியெழுப்பும் கருவி மட்டுமே. நெஞ்சு அவிந்தால் கருவி ஊமையாகின்றது.

இவ்வுண்மைக்குச் சான்று வேண்டுவார் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை நினைப்பாராக. 1945-இல் மார்ட்டிமர் வீலர் என்னும் தொல்பொருள் அறிஞர் அவ்விடத்தை அகழ்ந்து ஆராய்ந்தார். அவ்வூர் பண்டைக்காலத்தில் மணி செய்தற்குப் பெயர் பெற்றது. சிவப்பும் நீலமும் பச்சையுமான கண்ணாடி மணிகள் அம்மண்ணிலிருந்து எண்ணிறந்தன கிடைத்துள்ளன. அவை எவ்வாறு வார்க்கப்பட்டன, எத்துணைப் பழமையுடையன என்பவற்றை அறிஞர் ஆராய்ந்து கூறுவர். ஆயின் அவற்றுள் ஒன்றை எத்தாய் எக்குழந்தையின் கையிற் கட்டினாள் என்று கூறவல்லார் யாவர்? மணி ஈராயிரம் ஆண்டு நிலைத்தது. கதை ஒரு தலைமுறையும் நிலைத்திலது.

இதற்கு மாறாகக் கன்னியாகுமரி மணலை நோக்குக. சிவப்பும் கறுப்புமாய் அங்கு விளங்கும் மணலுக்குக் கார்னெட், இல்மனைட் முதலிய கனிமங்களே காரணம் என்பது விஞ்ஞானம். குமரியின் திருமணம் நடவாதொழிய, அதற்கெனத் திரட்டிய அரிசி முதலியவை வீணாகி மணலாயின என்பது மக்கள் வழங்கும் கதை. கதையை நம்புவார் நம்புக, நம்பாதார் விடுக. நடவாத ஒரு திருமணத்தின் துயரம் ஒரு பிடி மணலில் இன்றளவும் பேசுகின்றது என்பதை மறுப்பார் இலர். மணல் பேசவில்லை; பாட்டிமார் பேசினர். யோர்தானைக் கடந்த இஸ்ரவேலர் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டினர் என வேதாகமம் கூறும். பிற்காலத்துப் பிள்ளைகள் அக்கற்களின் பொருளை வினவ, தந்தையர் விடை கூறவேண்டும் என்பதே அதன் நோக்கம். வினாவும் விடையும் இல்லையாயின் அவை பன்னிரண்டு கற்களே.

இனி, நினைவு என்பது ஒருவர்க்கே உரிய செல்வம், அதனைப் பிறர்க்கு வெளியிடல் வேண்டுமோ என ஐயுறுவார்க்கு ஒன்று கூறுவோம். சொல்லாதிருக்க அணிந்தவர்க்கு உரிமை உண்டு. எம் அன்னையார் நீலமணியின் கதையைக் கூறாதது எம்மை வருத்தாதிருக்கவே என்று நம்புகின்றோம், அம்மௌனத்தை வணங்குகின்றோம். ஆயினும் கேளாதிருக்க மக்களாகிய எமக்கு உரிமை இல்லை. கேட்டபின் அவர் மௌனமாயிருந்தால் அது அவர் விருப்பம். கேளாமலே அவரை மௌனமாக்கியது எம் குற்றம்.

கைப்பேசியில் நூற்றுக்கணக்கான புகைப்படங்கள் இருக்க மணி எதற்கு என்பார்க்கும் விடை உண்டு. நூறு படங்களை நாம் ஒருமுறையும் திருப்பிப் பார்ப்பதில்லை. கையிலுள்ள மணியோ எழுதும்பொழுதும் உண்ணும்பொழுதும் மேசையில் தட்டித் தன்னை நினைவூட்டும், எதிரில் இருப்பவரை, "இது எங்கு வாங்கியது?" எனக் கேட்கத் தூண்டும். அக்கேள்வியே அதன் பெரும்பயன்.

ஆதலின் மாணவ நண்பர்காள், மணி சேர்க்க விரும்புவீராயின் சேர்க்க. ஆனால் மூன்றினை நினைவிற் கொள்க. முதலாவது, நாளுக்கு ஒன்றன்றிப் பல வேண்டா. கடை கண்டவிடத்தெல்லாம் வாங்கிக் குவிப்பவன் மணியைச் சேர்க்கின்றான், நாளைச் சேர்த்தானல்லன். இரண்டாவது, கடலுக்கு ஊறு செய்யற்க. உயிருள்ள சங்கையும் சிப்பியையும் தொடாதீர். எம் அன்னையார் காலத்தில் பவழத்துண்டு எடுப்பதைக் குற்றமென ஒருவரும் கருதவில்லை. இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பவழங்களையும் சிலவகைச் சங்கு சிப்பிகளையும் காக்கின்றது. அவற்றை விற்பாரிடத்தும் வாங்கற்க. நம் நினைவுக்காகக் கடல் தன் உயிர்களை இழத்தல் முறையன்று. ஒரு பாசிமணி போதும். மூன்றாவதும் தலையாயதும், ஒவ்வொரு மணிக்கும் ஒரு குறிப்பேட்டில் நான்கு வரியேனும் எழுதுக: எந்நாள், எக்கரை, உடன் வந்தவர் யாவர், அன்று நிகழ்ந்தது யாது. எழுதியதை ஒருவர்க்கேனும் வாய்விட்டுக் கூறுக.

விடுமுறை அணித்தாக வந்துவிட்டது. நும்முட் பலர் கடற்கரைக்குச் செல்வீர். புதிய மணியோடு மீள்வீர். அதற்கு முன் வீட்டிலுள்ள பழைய பெட்டியைத் திறந்து, அதனுள் கிடக்கும் மணியையோ சோழியையோ எடுத்துக்கொண்டு பாட்டியாரிடம் செல்க. "இது எந்தக் கடற்கரை?" என்று கேட்க. பழைய மாணவர்களாகிய பெரியோர்க்கும் எம் வேண்டுகோள் இதுவே. வயது முதிர்ந்தோர்க்குக் கேட்பதற்கு உரியார் குறைவு, ஆதலின் விரைந்து கேட்க. எம் மேசைமீது அச்சோழியும் கருங்கூழாங்கல்லும் இருக்கின்றன. அவற்றைப்பற்றிக் கேட்பதற்கு எமக்கு இப்பொழுது யாரும் இலர்.