வாளோடு நின்றதே வெடிமருந்து

மிகுபுனைவு விளையாட்டுகளில் துப்பாக்கி நுழைந்தால் இடைக்கால மணமே போய்விடும் என்கிறார்கள். எந்த இடைக்காலம்? ஐரோப்பியக் கையெழுத்துச் சுவடியில் பீரங்கியின் ஓவியம் 1326-லேயே வந்துவிட்டது. உச்சி முதல் பாதம் வரை மூடும் எஃகுக் கவசம் முழுமை பெற்றதோ அதற்குப் பின், 15-ஆம் நூற்றாண்டில். இரண்டும் ஒரே போர்க்களத்தில் நின்றவை. பிற்காலக் கொல்லர்கள் மார்புக் கவசத்தைச் சுட்டுப் பார்த்து, குண்டு பட்ட பள்ளத்தையே அதன் உறுதிக்குச் சான்றாக விட்டுவைத்தார்கள். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் ஆயுதப் பட்டியலில் உள்ள ரேப்பியர் வாள் 16-ஆம் நூற்றாண்டில் பரவியது. அதன்மீது யாரும் குறை சொல்வதில்லை.

துப்பாக்கி வந்தால் வாளுக்கு வேலையில்லை என்ற வாதமும் நிற்காது. திரித் துப்பாக்கியில் மருந்து கொட்டி, குண்டு இட்டு, கம்பியால் இடித்து, திரியைச் சரிசெய்து மறுபடி சுட ஏறத்தாழ அரை நிமிடம் ஆகும். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸி’ல் ஒரு சுற்று 6 விநாடி. அதற்குள் மந்திரவாதி நெருப்புப் பந்தை வீசி ஒரு கூடத்தையே எரித்துவிடுகிறான். சமநிலையைக் கெடுப்பது யார்? ‘வார்ஹேமர்’ விளையாட்டின் உலகில் குள்ளர்களின் பீரங்கியும் மந்திரமும் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்தே இருக்கின்றன. வாளும் அங்கே வீழ்ந்துவிடவில்லை.

துப்பாக்கி இல்லாத உலகைப் படைக்க எவருக்கும் உரிமை உண்டு. பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், மதிக்கிறேன். அதற்கு வரலாற்றைச் சாட்சியாக இழுக்காதீர்கள்.