ஓடை யார் கையில்?

தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம், 2023 ஏப்ரல் 21-இல் விவாதமின்றிக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறி, 2024 அக்டோபரில் அமலுக்கு வந்தது. 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டப் பரப்புக்குள் ஓடையோ கண்மாயோ இருந்தால், அதைத் திட்டத்தோடு சேர்ப்பது பற்றி நிபுணர் குழு பரிந்துரைக்கும், அரசு முடிவெடுக்கும். ஊராட்சித் தீர்மானத்துக்கு இதில் என்ன மதிப்பு?

மெகாவாட்டுக்கு ஐந்து ஏக்கர் வைத்தால், 100 ஹெக்டேரில் ஏறத்தாழ 50 மெகாவாட் சோலார் நிற்கும். தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் பக்கத்து மானாவாரிக் காட்டில் இது எட்டாத அளவல்ல.

பேரம் நடக்கும் விதம் நமக்குத் தெரியும். கம்பெனி முதலில் ஊராட்சி அலுவலகத்துக்கு வராது. தரகர் வழியே பட்டா நிலங்களைச் சுற்றிவளைத்து வாங்கும். நடுவில் ஓடைப் புறம்போக்கும் வண்டிப்பாதையும் மிஞ்சியபின்தான் தலைவரிடம் பேச்சு. சமுதாயக் கூடம் வேண்டுமா, பள்ளிக்குச் சுற்றுச்சுவர் வேண்டுமா என்பார்கள். அப்போது ஊராட்சிப் பக்கம் வக்கீலும் இல்லை, சர்வேயரும் இல்லை. கையிலிருந்த ஒரே பிடி அந்த ஓடைதான். அதையும் இப்போது கோட்டை எடுத்துக்கொண்டது.

இந்தக் காட்டின் கரிசல் மண் மழையில் ஊறி உப்பி, வெடிப்பு மூடிவிட்டால் அதன்பின் தண்ணீர் அதிகம் கீழே இறங்காது, மேலோடத்தான் செய்யும். கிரேன் போகச் சரள் அடித்து மேடாக்கிய பாதைக்கு அடியில் ஒற்றைச் சிமெண்ட் குழாயைப் பதித்துவிட்டு, ஓடையை மறிக்கவில்லை என்கிறார்கள். ஐப்பசி மழைக்கு அந்தக் குழாய் எந்த மூலைக்கு? மேற்பக்கம் தண்ணீர் கட்டி உளுந்தும் பாசிப்பயறும் வேரழுகும். கீழ்ப்பக்கம் கண்மாய்க்கு வரத்து இருக்காது. நீரோட்டம் குறையாது என்று கம்பெனி எழுதிக்கொடுத்தால், அந்தக் குழாயின் வாயை மழைக்காலத்தில் யார் வந்து அளப்பது?

2003-இல் கேரளத்தின் பாலக்காட்டுப் பெருமாட்டி ஊராட்சி கோகோ கோலா ஆலைக்கு உரிமம் புதுப்பிக்க மறுத்தது. உயர் நீதிமன்ற அமர்வு 2005-இல் கம்பெனிக்குச் சாதகமாகச் சொன்னது உண்மைதான். ஆனாலும் உரிமம் தன் கையில் இருந்ததால்தான் ஒரு சிற்றூராட்சி எதிர்த்து நிற்க முடிந்தது.

தூத்துக்குடி மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலமோ 2025 ஜனவரி 5-ஓடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலரிடம் போனது. உரிய காலத்தில் தேர்தல் நடத்தாதது ஊர்க்காரர்களின் குற்றமா? ஊர் தேர்ந்தெடுத்த ஆள் நாற்காலியில் இல்லாதபோது ஓடைக் கோப்பு ஓரடிகூட நகரக் கூடாது. மேலே கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டோம். பதில் வருவதில்லை, அரசாணைதான் வருகிறது.

ஊராட்சிச் செயலர்களே, வழக்கறிஞர்களே: அடுத்த கிராம சபையில் புலப்படத்தையும் 'அ' பதிவேட்டையும் விரித்து வையுங்கள். ஒவ்வொரு ஓடையையும் சர்வே எண்ணோடும் அகலத்தோடும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். நிபுணர் குழு வந்தால், தீர்மான நகலைக் கொடுத்து ஒப்புகைக் கையெழுத்து வாங்கியபிறகு இடத்தைக் காட்டுங்கள்.