ஆறு இறுதியாட்டம், இரண்டு கிண்ணம்

சிலாங்கூர்க்காரர்களான நமக்கு மலேசியக் கிண்ணக் காற்பந்து என்றாலே நம் மாநிலம் பெற்ற 33 வெற்றிகள்தாம் நினைவுக்கு வரும். ஆனால், பண்டமாரான் திடல்களில் பந்து உதைக்கும் மாணவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது கெடாவின் கதை.

1987, 1988, 1989 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இறுதியாட்டத்தில் சந்தித்தவை கோலாலம்பூரும் கெடாவும்தான். மூன்று முறையும் கிண்ணம் கோலாலம்பூருக்கே போனது. 'கெடாவுக்கு ராசியில்லை' என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், 1990இல் அதே கெடா பேராக்கை வென்று கிண்ணத்தைத் தூக்கியது. 1992இல் பகாங்கிடம் தோற்றது. மறு ஆண்டே சிங்கப்பூரை வென்றது. ஏழு ஆண்டுகளில் ஆறு இறுதியாட்டம். நான்கு தோல்வி, இரண்டு கிண்ணம். 1986இல் வென்ற நம் சிலாங்கூரோ அடுத்த கிண்ணத்துக்கு 1995 வரை காத்திருந்தது.

இறுதியாட்டம் என்பது ஒரே நாள் விளையாட்டு. ஒரு தவறான உதை, ஒரு காயம், ஒரு நடுவர் தீர்ப்பு அதை மாற்றிவிடும். இறுதியாட்டம்வரை மீண்டும் மீண்டும் வருவதோ ஆண்டு முழுவதும் செய்த உழைப்பின் பலன். ஒரு குழுவின் தரத்தை நான் இதைக் கொண்டே அளப்பேன்.

விடாமுயற்சி எப்போதும் கிண்ணம் தரும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். அமெரிக்கப் பேஸ்பாலில் அட்லாண்டா பிரேவ்ஸ் குழு, வேலைநிறுத்தத்தால் பாதியில் நின்ற 1994ஐத் தவிர்த்து, 1991 முதல் 2005 வரை தன் பிரிவில் தொடர்ந்து 14 முறை முதலிடம் பிடித்தது. உலகத் தொடர் பட்டமோ 1995இல் கிடைத்த ஒன்றுதான். ஆனாலும் அந்தக் குழுவைத் தோற்ற குழு என்று யார் சொல்வார்?

மாணவர்களே, யு.பி.எஸ்.ஆர். 2021இலும் பி.டி.3 2022இலும் நிறுத்தப்பட்டன. உங்களில் பலருக்கு எஸ்.பி.எம்.தான் முதல் பொதுத்தேர்வு. கெடாவுக்குக் கிடைத்த மூன்று இறுதியாட்ட அனுபவம் உங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே, பள்ளியின் சோதனைத் தேர்வை ஒப்புக்கு எழுதாதீர்கள். நேரம் வைத்து, நாற்காலியில் அமர்ந்து, உண்மையான தேர்வாகவே எழுதுங்கள். தோற்க வேண்டியதை அங்கே தோற்றுப் பழகுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. முடிவு வரும் நாளில் 'எத்தனை ஏ?' என்று மட்டும் கேட்காதீர்கள். எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், டிப்ளோமா, தொழிற்கல்வி என அடுத்த ஆட்டங்கள் காத்திருக்கின்றன. 1989இல் கெடா குழுவைக் கலைத்திருந்தால் 1990இல் கிண்ணம் ஏது?